வேலாயுதம் அண்ணன் பூட்டிய டைனமோ

வேலாயுதம் அண்ணன் போய்விட்டார். இன்று காலை, கோத்தகிரியில்.

அவருடைய மகள்தான் போன் பண்ணிச் சொன்னாள். தொண்ணூறு தாண்டிய மனுஷன், தூக்கத்திலேயே போயிருக்கிறார்... நான் சொல்லச் சொல்ல பேத்தி டைப் பண்ணுகிறாள்.

இலங்கையில், உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் எலக்ட்ரீசியன், நான் ஜீப் டிரைவர். அறுபதுகளின் ஆரம்பம். இதைப் படிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்போது பிறந்தே இருக்க மாட்டீர்கள்.

சேற்றில் புதையும் கொழுந்து லொறிகளை இழுக்க, தோட்டத்து மேனேஜர் துரை எங்கிருந்தோ கயிறு சுற்றி இழுக்கும் ஒரு கரண்ட் வின்ச் வாங்கி வந்து ஜீப்பின் முன்னால் பூட்டச் சொன்னார். அது பேட்டரியில் ஓடுவது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற ஜீப்பில் இருந்த டைனமோவோ விளக்கு எரியத்தான் காணும். இரண்டு இழுப்பு... பேட்டரி படுத்துவிடும். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அண்ணன் விடவில்லை. வலப்பனையில் உடைத்துப் போட்டிருந்த ஒரு பஸ்ஸிலிருந்து பெரிய டைனமோவைக் கழற்றி வந்தார். பெக்டரி பட்டறையில் அதற்கு ஒரு தாங்கி அடித்து, இரண்டாவது பேட்டரி வைத்து, விரல் தண்டிக்கு வயர் இழுத்தார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை. அம்மீட்டர் முள் சார்ஜ் பக்கம் ஏறியதும் சந்தோஷத்தில் அவர் சொன்ன வார்த்தையைப் பேத்தி டைப் பண்ண மாட்டாளாம்.

எனக்கு ஒரே ஒரு சட்டம் போட்டார். "வின்ச் இழுக்கையில என்ஜின் ஓடிக்கிட்டே இருக்கணும்டா. நின்னுச்சுன்னா பேட்டரிக்கு வாய்க்கரிசிதான்."

அந்த வருஷத்து மழை... மூன்று நாள் விடவே இல்லை. தொழிலாளர் குடியிருந்த மேட்டு லயத்தின் மேல் மண் சரிந்தது.

மற்ற எல்லாரையும் வெளியே எடுத்துவிட்டோம். கொழுந்தெடுக்கும் ராக்காயி அக்கா மட்டும் கூரை உத்தரத்துக்கு அடியில். இடுப்புக்குக் கீழே மாட்டிக்கொண்டிருந்தது. ஆனால் பேசிக்கொண்டே இருந்தார்.

உத்தரத்தில் வின்ச் கயிற்றைக் கட்டி அண்ணனும் நானும் காலையிலிருந்து இழுத்தோம். கொஞ்சம் இழுப்பது, பேட்டரி ஏற விடுவது, மறுபடி இழுப்பது. ஒரு சாண் தூக்கிவிட்டது. இன்னும் ஒரு சாண் போதும்.

அப்போது வளைவில் துரையின் கார் தெரிந்தது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். துரை வந்தால் என்ஜினை நிறுத்தி, இறங்கி, தலைத்துண்டை எடுத்துவிட்டு நிற்க வேண்டும். நிற்காதவனுக்கு மறுநாள் வேலை இல்லை. என் கை தானாகச் சாவியைத் திருப்பிவிட்டது.

இறங்கி நின்றேன். சலாம் வைத்தேன்.

திரும்ப ஏறி ஸ்டார்ட் பண்ணினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். காலையிலிருந்து இழுத்து இளைத்த பேட்டரி. ஹேண்டில் போட்டுச் சுற்றினோம், ஸ்பார்க் இல்லை. சேற்றில் சங்கிலி போட்டுக் கட்டிய வண்டி, தள்ளவும் வழியில்லை.

உள்ளேயிருந்து ராக்காயி அக்கா கேட்டார். "என்னப்பா... வண்டிச் சத்தத்தக் காணோம்?"

பக்கத்துத் தோட்டத்திலிருந்து பேட்டரி வந்து சேர மூன்று மணி நேரம். அதற்குள் அவர் பேச்சு நின்றுவிட்டது.

மறுநாள் ஆபீஸில் விசாரணை. நான் என்ஜினை நிறுத்தியதுதான் காரணம் என்று துரைக்குத் தோன்றவே இல்லை. எல்லா வண்டியும் அவர் முன்னால் நிற்பதுதானே வழக்கம்... நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முன்னால் போய்விட்டார்.

"என் வயரிங்லதான் கோளாறுங்க தொரை. டைனமோ ஏத்தல."

அன்றைக்கே பத்துச்சீட்டு கொடுத்து அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

ஏன் அண்ணே இப்படிச் செஞ்சீங்க என்று கேட்டேன். "ஒம் பொண்டாட்டிக்கு எட்டு மாசம். லயத்த விட்டுத் தொரத்துனா எங்கடா போவ?"

அவர் வீட்டிலும் ஒரு கைக்குழந்தை இருந்தது. அவர்கள் மூட்டை கட்டும்போதுதான் எனக்கு அது உறைத்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. கோழை. கொஞ்ச வருஷத்தில் அவர்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள்.

அந்தக் கைக்குழந்தைதான் இன்று போன் பண்ணியது.

"சித்தப்பா, அப்பா போட்ட வயரிங்னால தோட்டத்துல ஒரு அம்மா செத்துப்போனாங்களாமே. கேக்குறவங்களுக்கெல்லாம் அதைத்தான் சொல்லுவாரு. நெசமா?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மகளே, இப்போது சொல்கிறேன். உன் அப்பாவின் வயரிங்கில் ஒரு கோளாறும் இல்லை. டைனமோ ஏற்றிக்கொண்டுதான் இருந்தது. சாவியைத் திருப்பியவன் நான்.

பேத்தி டைப் பண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள்... எழுதும்மா என்றேன்.

போய் வாங்க அண்ணே. அங்கே ராக்காயி அக்காவைப் பார்த்தால், இந்தத் தடவை என் பெயரைச் சொல்லிவிடுங்க.