ஹீட்டர் போட்ட காரில் சுருளிப்பட்டிக்கு

2009 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுருளிப்பட்டியில் என் தங்கை சுமதியின் இளைய மகளுக்குக் காதுகுத்து. நான் ஒரே தாய்மாமன். குழந்தை என் மடியில் உட்கார்ந்தால்தான் ஆசாரி ஊசியைக் கையில் எடுப்பார். பத்தரை மணியிலிருந்து பன்னிரண்டுக்குள் நேரம் குறித்திருந்தார்கள். பன்னிரண்டுக்கு எமகண்டம் ஆரம்பம்.

இதில் ஒரு பழைய கணக்கும் உண்டு. சுமதியின் மூத்த பையனுக்குக் காது குத்தியபோது, ஆபீஸ் ஆடிட் என்று நான் போகவில்லை. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் மடியில் உட்கார வைத்து வேலையை முடித்துவிட்டார்கள். அதை அவள் மாமியார் வீட்டில் இன்றைக்கும் சாப்பாட்டுக்கு ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்கிறார்கள். “அண்ணே, இந்தத் தடவை மட்டும் என்னைய தலைகுனிய விட்றாதண்ணே” என்று சுமதி ஒரு மாதமாக போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தலைகுனிய விடக்கூடாது என்றுதான் அந்தக் காரை எடுத்தேன். 89 மாடல் ஜெர்மன் கார். கோயம்புத்தூரில் ஒரு மில் முதலாளி வீட்டு ஷெட்டில் கிடந்ததை வாங்கி இரண்டு வருடமாகிறது. மரப்பலகை பதித்த டேஷ்போர்டு, தோல் சீட், பட்டனைத் தொட்டால் இறங்கும் கண்ணாடி (மூன்று இறங்கும், நாலாவது அதன் இஷ்டம்). ஊர் நடுவில் அது போய் நின்று, கதவைத் திறந்து தாய்மாமன் இறங்கினால் எப்படி இருக்கும் என்று மனசுக்குள் பல தடவை ஓட்டிப் பார்த்திருந்தேன். “பஸ்லயே போயிருவோமே” என்று என் மனைவி வசந்தா சொன்னது காதில் ஏறவில்லை.

காலை 6.45க்கு மதுரை கோச்சடையிலிருந்து கிளம்பினோம். பின் சீட்டில் ஏழு சீர்த்தட்டு, ஒரு வாழைத்தார், ஈரத்துணியில் சுற்றிய மல்லிகை மாலை. உசிலம்பட்டி 38 கிலோமீட்டர், 7.40க்கு வந்துவிட்டோம். அங்கே டீ நன்றாக இருந்தது. அன்றைக்கு நன்றாக இருந்த விஷயம் எதையும் விடாமல் சொல்லிவிடுகிறேன், நிறைய இல்லை.

ஆண்டிபட்டிக் கணவாய் பெரிய மலைப்பாதை ஒன்றும் இல்லை. நாலைந்து வளைவு, அவ்வளவுதான். மூன்றாவது வளைவில் வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. 8.10க்கு ஓரங்கட்டினேன். பானெட்டைத் திறந்தால் உள்ளே இட்லி வேகிற சத்தம். அவசரப்பட்டுத் துணியோடு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போய், முன்கையில் ஆவி அடித்தது. இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. ஆற வைத்து, கையிலிருந்த குடிதண்ணீரை ஊற்றிக் கிளம்ப முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் சுமதி போன் செய்தாள்.

“எங்கண்ணே வர்றீக?”

“இந்தா, தேனி தாண்டிட்டோம்மா.”

தேனிக்கு இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. வசந்தா என்னைப் பார்த்தாள்.

சூடாகிற வண்டியில் ஹீட்டரை முழுசாகத் திறந்து வைத்தால் இஞ்சின் சூடு கொஞ்சம் இறங்கும். எங்கேயோ படித்தது, உண்மைதான். ஆனால் அந்தச் சூடு வேறெங்கும் போகாது, நம் காலுக்குத்தான் வரும். மே மாத வெயிலில் ஹீட்டர் போட்டுக்கொண்டு ஆண்டிபட்டியிலிருந்து தேனிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போனோம். வசந்தா பட்டுப்புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பின்னால் மல்லிகை வாடுகிற வாசம் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

9.50க்குத் தேனி. முள் மறுபடி சிவப்பு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே நின்றோம். ஞாயிறு என்பதால் நான் விசாரித்த இரண்டு ஒர்க்ஷாப்பும் பூட்டியிருந்தன. “என்னங்க, தட்டைத் தூக்கிக்கிட்டு இப்படியே பஸ் ஏறிருவோம். பதினொன்றரைக்குப் போயிரலாம். வண்டியச் சாயங்காலம் வந்து பாப்போம்” என்றாள் வசந்தா. கம்பம் பஸ் ஒன்று எங்கள் முன்னாலேயே நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. ஜன்னலோர சீட்டே காலியாக இருந்தது. நான் இஞ்சின் ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீரபாண்டியில் இன்னொரு நிறுத்தம். பாலத்துக்குக் கீழே ஆற்றில் தண்ணீர் கொஞ்சம் ஓடியது. வேட்டியை மடித்துக்கட்டி இறங்கி, கேனில் மொண்டு வந்து ஊற்றினேன். இருபது நிமிடம் போனது. மறுபடி போன். “சின்னமனூர் வந்தாச்சும்மா.” பின்னால் அவள் மாமியார் குரல் கேட்டது: “தாய்மாமன் வந்தாகளா, இல்ல போன தடவ மாதிரிதானா?”

சின்னமனூருக்கு நிஜமாகவே வந்தது 11.15க்கு. மேகமலைக்குப் பிரிகிற சாலை பக்கம், தானாகவே இஞ்சின் நின்றுவிட்டது. எதிரில் நாலைந்து ஜீப்கள் பானெட் திறந்து நின்றன. எஸ்டேட்டுக்கு ஆளும் சாமானும் ஏற்றுகிற ஜீப்களைச் சரிபார்க்கிற பட்டறை அது. ஐம்பது வயது மதிக்கத்தக்க பட்டறைக்காரர் ரபீக் பாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முந்நூறு கேள்வி கேட்பார் என்று நினைத்தேன். அவர் இஞ்சினுக்கு மேலே கையை நீட்டிச் சூடு பார்த்தார், பிறகு குனிந்து ரேடியேட்டரின் அடியில் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவேயில்லை.

“சார், நீங்களும் வச்சுப் பாருங்க. பயப்படாம வைங்க.”

வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

“அங்கன உலை கொதிக்குது. இங்கன குளிக்கிற தண்ணி கணக்கா இருக்கு. சுடுதண்ணி ரேடியேட்டருக்கு வரவே இல்ல சார். நீங்க வழி நெடுக ஊத்துன தண்ணியெல்லாம் வீண்.” ஒரு ரப்பர் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் துழாவினார். “தெர்மோஸ்டாட் வால்வு எங்க? யார் கழட்டுனது?”

“மதுரைல மெக்கானிக்” என்றேன்.

பொய் இல்லை. ஆனால் கழற்றச் சொன்னது நான். பத்து நாள் முன்னால் காளவாசல் நெரிசலில் முள் லேசாக ஏறியது. “நம்ம வெயிலுக்கு அது எதுக்குங்க, கழட்டி எறிங்க” என்று ஆபீஸ் நண்பர் சொன்னார். மதுரை மெக்கானிக், “இந்த வண்டிக்கு வேண்டாம் சார், பெல்ட்தான் லூஸா இருக்கு, அத டைட் பண்ணிருவோம்” என்று இரண்டு தடவை சொன்னார். எனக்குத் தெரியாததா என்று நின்று கழற்ற வைத்தேன். இதை வசந்தா பக்கத்திலேயே நின்று கேட்டவள்.

“ஜீப்புல எல்லாரும் கழட்டிப் போட்டுட்டுத்தான் ஓட்டுவாக. ஒண்ணும் செய்யாது” என்றார் பாய். “இந்த வண்டி வேற மாதிரி. இதுல இஞ்சினுக்குள்ளயே தண்ணி சுத்துறதுக்குக் குறுக்கு வழி ஒண்ணு இருக்கு. சூடு ஏறுனா அந்த வால்வு ரேடியேட்டர் பக்கம் தொறந்துவிட்டு, குறுக்கு வழிய அடைக்கும். வால்வே இல்லைன்னா தண்ணி குறுக்கு வழியிலயே போயி வந்துக்கிட்டு இருக்கும். அந்தச் சாமான் மதுரைக்குப் போனாத்தான் கிடைக்கும். அதுவும் நாளைக்குத்தான்.”

வசந்தா காருக்குள் குனிந்து டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தாள். மெக்கானிக் பேப்பரில் சுற்றிக் கொடுத்த பொட்டலம் அங்கேயே இருந்தது. பாய் அதை வாங்கி, நேராக எதிர் டீக்கடைக்குப் போனார். கொதிக்கிற வெந்நீர்ச் சட்டியில் கம்பியில் கட்டி இறக்கினார். டீ மாஸ்டர் சலித்துக்கொண்டார்: “ஏன் பாய், இதுக்குச் சீனி போடணுமா?” ஒரு நிமிடம் கழித்து வால்வு மெதுவாகக் கண் திறந்தது. நல்ல வால்வு. உசிலம்பட்டி டீக்கு அடுத்து அன்றைக்கு நான் பார்த்த நல்ல விஷயம் அதுதான்.

அப்போதுதான் வசந்தா பாயிடம் காதுகுத்தைச் சொன்னாள். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

“என்ன சார், இத மொதல்ல சொல்லக் கூடாதா? கம்பத்துக்கு ஜீப்பு ஒண்ணு இப்பக் கிளம்புது. தட்டோட ஏறுங்க. சுருளிப்பட்டி வரைக்கும் விட்டுட்டு வரச் சொல்றேன். வண்டி எங்கிட்ட இருக்கட்டும்.”

மணி 11.30. அப்போது ஏறியிருந்தால் பன்னிரண்டு அடிக்கும்போது வாசலில் நின்றிருப்போம். “எவ்வளவு நேரம் ஆகும் பாய்?” என்று கேட்டேன். “அரை மணி நேரம் ஆகும், கூடக் குறைய” என்றார். “அப்ப முடிச்சிருங்க” என்றேன். வசந்தா டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஜீப் போய்விட்டது.

அட்டையில் கேஸ்கட் வெட்டி, பேஸ்ட் தடவி, பெல்ட்டையும் இறுக்கி, தண்ணீர் நிரப்பி, காற்றை வெளியேற்றி முடிக்க 12.20. பாய் கேட்டது முந்நூறு ரூபாய். அதற்கப்புறம் வண்டி வெண்ணெயாக ஓடியது. முள் நடுவை விட்டு அசையவில்லை. உத்தமபாளையம், கம்பம், இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். எதையும் நான் பார்க்கவில்லை.

12.50க்குச் சுருளிப்பட்டி. கோயில் முன்னால் கார் நின்றது. மனசுக்குள் ஓட்டிப் பார்த்தபடியே கதவைத் திறந்து இறங்கினேன். சட்டையெல்லாம் கிரீஸ். யாரும் எழுந்திருக்கவில்லை. எமகண்டம் முடிய ஒன்றரை ஆக வேண்டும் என்று நூறு பேர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்து, குழந்தை தூங்கிப்போயிருந்தது. வேறு யாராவது ஒருவர் மடியில் வைத்து முடித்துவிடலாம் என்று பதினொன்றரைக்கே பேச்சு வந்ததாம். மாமியார் கத்தியிருக்கிறார். சுமதி குழந்தையை யார் கையிலும் கொடுக்காமல், “எங்கண்ணன் பக்கத்துல வந்துட்டாக, இப்ப போன்ல சொன்னாக” என்று நான் சொன்ன பொய்யையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

ஒன்றரைக்கு மேல், வாடிய மாலையைப் போட்டு என் மடியில் வைத்துக் குத்தினார்கள். குழந்தை வீரிட்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. அதன் புதுப்பாவாடையிலும் கிரீஸ் ஆனது. சுமதி கண்ணைத் துடைத்துவிட்டுக் குழந்தையை வாங்கினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். குரலை உயர்த்தாமல் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“ஏண்ணே, இன்னைக்குப் பஸ்ஸு ஓடலையா?”

இந்தப் பக்கம் பழைய காரில் வருகிறவர்களுக்கு: கணவாய்க்கு முன்னால் உசிலம்பட்டியிலேயே ஒரு தடவை முள்ளைப் பாருங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தேனியில் மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டாம், ஜீப் நிற்கிற இடத்தைத் தேடுங்கள். மெக்கானிக் இரண்டு தடவை வேண்டாம் என்றால் கேளுங்கள். போனில் எந்த ஊரில் நிற்கிறீர்களோ அந்த ஊரைச் சொல்லுங்கள்.

அப்புறம், பஸ் விவரம். மதுரை ஆரப்பாளையத்திலிருந்து கம்பத்துக்கு விடிகாலையிலிருந்தே பஸ் உண்டு. கம்பத்திலிருந்து சுருளிப்பட்டிக்கு டவுன் பஸ் வருகிறது. அன்றைக்கும் ஓடின. கணவாய், தேனி, வீரபாண்டி, சின்னமனூர் என்று நாங்கள் ஓரமாக நின்ற நேரத்தில் மட்டும் கம்பம் போர்டு போட்டு எங்களைத் தாண்டிப் போனவை பதினான்கு. ராத்திரி திரும்பி வரும்போது, கேட்காமலேயே வசந்தா சொன்னாள். எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறாள்.