செத்துப்போன புருஷனின் வசனம்

மும்பை தாராவியில் பிறந்து, அங்கேயே நாடகம் எழுதி, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து மேடையேற்றுகிறவரை எல்லோரும் டீச்சரக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய நாடகங்களுக்கு நல்ல தலைப்புகள் உண்டு. ஆனால் இங்கே யாரும் அவற்றைச் சொல்வதில்லை. குடம் உருண்ட நாடகம், திரை விழுந்த நாடகம் என்றுதான் பேச்சு.

காரணம், அவர் வேலை செய்யும் விதம். முதல் மேடையேற்றத்தில் என்ன தப்பு நடக்கிறதோ அது அடுத்த மேடையேற்றத்தில் நாடகமாகிவிடும். தண்ணீர்க் குழாய் நாடகத்தில் ஒரு குடம் கைதவறி முன்வரிசைக்கு உருண்டது. அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர் காலாலேயே மேடைக்குத் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து அந்த நாடகம் எங்கே நடந்தாலும் குடத்தை உதைக்க முன்வரிசையில் ஓர் ஆள் வேண்டும். லோக்கல் ரயில் நாடகத்தில் பின்திரை அறுந்து எல்லோர் தலையிலும் விழ, பிள்ளைகள் அதற்கு அடியில் கிடந்தபடியே மூன்று பேர் பெஞ்சில் நாலாவது சீட்டுக்குச் சண்டை போட்டார்கள். இப்போது திரையை அறுத்துவிடவே ஒரு பையன் இருக்கிறான்.

இதெல்லாம் பார்வையாளனாக இருந்தவரை எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

என் மகள் பேசமாட்டாள். பள்ளி ஆண்டுவிழா மேடையில் ஒரு ஹிந்திக் கவிதையின் நடுவில் நின்றுபோய், அழுதுகொண்டே இறங்கியவள், அதற்குப்பிறகு வகுப்பில் வருகைப்பதிவுக்குக்கூடக் கையைத்தான் தூக்குகிறாள். செம்பூர் வீட்டில் நாங்கள் அவளிடமிருந்து கேட்பதெல்லாம் சார்ஜர் எங்கே என்பது மட்டும். பத்தாவது வந்துவிட்டது. எனக்கு ராத்தூக்கம் போயிற்று. டீச்சரக்காவிடம் கொண்டுபோய் விட்டேன். அவர் எடுத்த எடுப்பில் கதாநாயகி வேஷத்தைக் கொடுத்தார்: புருஷனை இழந்து, மெஸ் நடத்துகிற அம்மா. கடையைக் காலிசெய்யச் சொல்லும் கான்ட்ராக்டரை ஒரு பக்க வசனம் பேசி விரட்டவேண்டும்.

"இவ வாயே தொறக்கமாட்டாளே" என்றேன்.

"அதனாலதாம்ணே குடுத்தேன். பேசுற பிள்ளைங்க எங்க வேணும்னாலும் பேசிக்கிடும்."

பிள்ளைகளில் பாதிப்பேருக்குத் தமிழ் படிக்கவராது. வாட்ஸ்அப்பில் டீச்சரக்கா அனுப்பும் குரலைக் கேட்டே மனப்பாடம் செய்வார்கள். மேடையில் மறந்துபோனால் எடுத்துக்கொடுக்க, தமிழ் தெரிந்த பெற்றோர் ஒருவர் பிரதியோடு பக்கத்திரைக்குப் பின்னால் நிற்கவேண்டும். நான் முனிசிபல் பள்ளியில் தமிழ்வழி படித்தவன். என்னை நிறுத்தினார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை என்று எழுதலாம்தான். ஆனால் நானேதான் கேட்டு வாங்கினேன்.

முதல் காட்சி தாராவியில். கான்ட்ராக்டர் மிரட்டி முடித்தான். என் மகள் பேசவேண்டும். பேசவில்லை. கையில் இருந்த எவர்சில்வர் தட்டைத் துடைத்துக்கொண்டே நின்றாள். எனக்கு அந்த ஆண்டுவிழா மேடை கண்ணில் வந்துவிட்டது. "இது என் கடை" என்று கிசுகிசுத்தேன். அவள் துடைத்தாள். "இது என் கடை, நான் போட்ட அடுப்பு" என்றேன், கொஞ்சம் அழுத்தி. அப்புறம் என்னை யாரும் நிறுத்த முடியவில்லை. பாதி வசனத்தை நானே சொல்லியிருப்பேன். என் மூக்குக்கு நேரே ஒரு மைக் நின்றதை நான் கவனிக்கவில்லை. 'தட்டு பளபளவென்று ஆகும்வரை பேசாமல் துடைக்கிறாள்' என்று பிரதியில் எழுதியிருந்ததையும் கவனிக்கவில்லை.

அரங்கம் முழுக்க ஓர் ஆண்குரல். பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்:

"யாருல அது? செத்துப்போன புருஷனா?"

"ஆமாடே, ஆவி வந்துட்டு!"

விசில் பறந்தது. என் மகள் தட்டைக் கீழே வைத்தாள். பக்கத்திரையை நோக்கித் திரும்பி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்:

"உசிரோட இருக்கும்போதும் என்னைப் பேச விடல. செத்த பொறவுமா?"

அப்படியொரு சிரிப்பை அந்த அரங்கம் கேட்டிருக்காது. அது அடங்கியதும் கான்ட்ராக்டர் பக்கம் திரும்பி, முழு வசனத்தையும் ஓர் எழுத்து பிசகாமல் பேசினாள். நான் பிரதியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"ஊரு முன்னால உங்க மவ உங்களைச் சாவடிச்சிட்டா" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்தபடி. சிரித்த கண்ணீரா வேறு கண்ணீரா, தெரியவில்லை.

டீச்சரக்கா ஏற்கெனவே பேனாவைத் திறந்துவிட்டிருந்தார். "அண்ணே, அடுத்த காட்சி மாட்டுங்காவுல. நீங்கதான் புருஷன். தட்டைத் தொடைக்கும்போது குறுக்க பேசணும், அம்புட்டுத்தான்."

நான் வேறொன்றில் மாட்டிக்கொண்டிருந்தேன். 'என்னைப் பேச விடல' என்று மகள் சொன்ன அந்த வசனம் எந்தப் பிரதியிலும் இல்லை. டாக்டர் அவளிடம் என்ன செய்கிறது என்று கேட்டால் நான் பதில் சொல்வேன். கடைக்காரர் அவள் பெயரைக் கேட்டாலும் நான்தான் சொல்வேன்.

மாட்டுங்காவில் நல்ல கூட்டம். தட்டு வந்தது, துடைத்தாள், என் முறை. 'இது' என்ற சொல்கூட வரவில்லை. தட்டு பளபளத்தது. அவள் இன்னும் துடைத்தாள். பிறகு திரைப்பக்கம் பார்த்தாள்.

"என்னங்க, இன்னைக்கு ஒண்ணும் சொல்லலியா?"

மைக்கில் என் மூச்சு மட்டும் கேட்டது.

"சரி, விடுங்க. நானே பேசிக்கிடுதேன்" என்றாள்.

கைதட்டல். டீச்சரக்கா எழுதிக்கொண்டிருந்தார். நெருளில் நடக்கும் அடுத்த காட்சியில் நான் ஒழுங்காக மூச்சு மட்டும் விடவேண்டுமாம். "மூச்சு இயல்பா இருக்கணும்ணே" என்றார்.

டாக்சியில் திரும்பினோம். செம்பூர் வந்ததும் ஓட்டுநர் ஹிந்தியில், எந்தப் பக்கம் என்றார். வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். ஜன்னலோரத்திலிருந்து மகள், "பைய்யா, லெஃப்ட் லேனா" என்றாள், ஹிந்தியிலேயே. இடது பக்கம் போனால் ஒருவழிப்பாதை, ஸ்டேஷனைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வரவேண்டும். திருத்திச் சொல்ல ஓட்டுநரை நோக்கிச் சாய்ந்தேன். மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள். வண்டி இடது பக்கம் திரும்பியது.