றங்குப் பெட்டிக்குக் காவல்

நெடுந்தூரம் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. அரிவு வெட்டும் கூட்டங்களோடும், புகையிலைக் குடில்களில் சமையல்காரியாகவும், பிறகு மலைநாட்டுப் பங்களாக்களிலும் ஒரு பையோடு அலைந்தவள் நான். இரண்டு சேலை, ஒரு கத்தி, நெருப்புப்பெட்டி, காய்ச்சலுக்குக் கொஞ்சம் கொயினா போதும் என்பேன். மிச்சம் போகிற இடத்தில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் இல்லாமல் இருக்கப் பழகிவிடலாம். ஆனால் யாராவது மூட்டை கட்டும்போது, எதை உள்ளே வைக்கிறார்கள் என்பதைவிட எதை வெளியே எடுக்கிறார்கள் என்றுதான் என் கண் போகும். அது திருகோணமலையில் பிடித்த பழக்கம்.

துறைமுகத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்ட சித்திரை அது. எண்ணெய்த் தாங்கி எரிந்த புகை கொடியில் காய்ந்த துணிகளில் கறுப்பாகப் படிந்தது. அம்மா அவற்றை மறுபடி மறுபடி தோய்த்தார். பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அது பிறகு திறந்தது, எனக்குத் திறக்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேர் சாம்பல்தீவுப் பக்கம் நடந்தார்கள், சிலர் வள்ளம் பிடித்து மூதூருக்குப் போனார்கள். நாங்கள் மட்டும் இருந்தோம். அப்பாவுக்கு டொக்யாட்டில் கப்பலின் அடியைச் சுரண்டி வர்ண மை பூசுகிற வேலை. அங்கே வேலை செய்கிறவர்கள் ஊரை விட்டு அசையக்கூடாது என்று கட்டளை. மீறிப் போனவர்களைப் பொலிஸ் தேடிப் பிடித்து வந்தது. அப்பா இல்லாமல் தான் போவதில்லை என்று அம்மா சொல்லிவிட்டார்.

ஒரு மத்தியானம் அப்பா வந்து, லீவு கிடைத்துவிட்டது என்றார்.

"லீவு தந்திட்டாங்களோ? உங்களுக்கோ?"

"ஓம். துரை தன்ர வாயாலதான் சொன்னவர்."

அம்மா அவர் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு பானைகளை இறக்கத் தொடங்கினார்.

அடுத்த நாள் மாமா வண்டியோடு வந்தார்; லீவுக்கு முந்தியே ஊரிலிருந்து புறப்பட்டிருக்க வேண்டும். அம்மாவின் தமையன்; வவுனியாப் பக்கம் வயல்காரர். அவருக்கும் அப்பாவுக்கும் பேச்சு இல்லை. அம்மாவின் கலியாணத்தில் முதற் பந்தியில் அவரை இருத்தவில்லை என்பது வழக்கு. அன்றைக்கு எழுந்து போனவர், தம்பி பிறந்ததற்கு வந்தபோதுகூட எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. சுரைக்குடுவையில் சொந்தத் தண்ணீர் கொண்டுவந்தார். தாகமெடுத்தால் படலைக்கு வெளியே போய்க் குடித்துவிட்டு உள்ளே வருவார். மரியாதைக் குறைவு இல்லாமல் கோபம் காட்ட அவரைவிட்டால் ஆளில்லை.

அப்படிப்பட்ட மாமா, அன்றைக்கு அப்பா நீட்டிய தேத்தண்ணியைக் கையில் வாங்கிக் குடித்தார். எனக்கு முதலில் சந்தேகம் வந்தது அங்கேதான்.

இருவரும் கிணற்றடியில் நின்று தணிந்த குரலில் கதைத்தார்கள். நான் வாழைக்குப் பின்னால் போய் நின்றேன்.

"சொன்னால் அவள் வண்டியிலை ஏறமாட்டாள்" என்றார் அப்பா.

"சரி, சொல்லமாட்டன். தங்கச்சி இனி என்ர பொறுப்பு" என்றார் மாமா. "நீங்கள் உங்கட பாட்டைப் பாருங்கோ."

இதில் எனக்குப் புரியாதது ஒன்றுமில்லை. குண்டைச் சாட்டாக வைத்து மாமா தன் தங்கச்சியைத் திருப்பிக் கொண்டுபோக வந்திருக்கிறார். பந்தியில் பறிபோன மானத்தை இப்படி வாங்கப் போகிறார். அப்பாவும் ஏதோ காரணத்துக்காக இணங்கிவிட்டார்.

சாமான் ஏற்றுவது மாமாவின் அதிகாரம். காட்டுப் பாதை, இரண்டு மாடு, ஒரு வண்டி. அரிசி ஏறியது; கருவாடும் கொத்தமல்லியும் மிளகாய்த்தூளும் ஏறின. மாட்டுக்கு வைக்கோல், தம்பிக்கு ஏணை கட்ட ஒரு பழஞ்சேலை, தண்ணீர்ப் பானை, கயிறு, கோடரி. அம்மாவின் நிலைக்கண்ணாடியை அவர் வாசலிலேயே மறித்துவிட்டார்.

"ஊரிலை குளம் கிடக்கு, முகம் பாக்கலாம்."

"குளத்திலை உங்கட மாடு நிக்கும்."

"அப்ப அதுவும் முகம் பாக்கட்டும்."

உட்காரும் கதிரையும் மறிக்கப்பட்டது. அலுமாரியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. உடுப்புகள் எல்லாம் ஒரு தகர றங்குப் பெட்டிக்குள் போக வேண்டும். அம்மா அடியில் அப்பா உடுக்கும் சாரங்களையும் இரண்டு சேர்ட்டையும் சவரக்கத்தியையும் வைத்து, அதன்மேல் எங்களுடையதை அடுக்கினார். அப்பா ஒன்றையும் மடித்துக் கொடுக்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா தம்பியைக் குளிப்பாட்டப் போன நேரம், மாமா பெட்டியைத் திறந்தார். மேலே இருந்ததைக் குலைக்காமல் கையை அடிவரை விட்டு, அப்பாவின் சாரங்களை ஒவ்வொன்றாக உருவினார். சேர்ட்டுகளையும் கத்தியையும் எடுத்து, எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கொட்டிலுக்குள் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதவர் போல மாட்டின் நுகத்தடியைத் தட்டிப் பார்த்தார்.

நான் கொட்டிலுக்குள் போய்ச் சாக்கைத் தூக்கிவந்தேன். எல்லாவற்றையும் பெட்டிக்குள் திணித்து மூடி, மூடியின்மேல் ஏறி இருந்தேன். அப்பாவின் சாமான் வண்டியில் போனால் அப்பாவும் பின்னால் வரத்தான் வேண்டும். மாற்றுச் சாரம் இல்லாமல் ஒரு மனுசன் எத்தனை நாளைக்கு இருப்பார் என்பது என் கணக்கு.

மாமா வந்து என்னைப் பார்த்தார். மூடியின் விளிம்பில் சாரத்தின் முனை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தார்.

"என்ன மருமோள், அடை கிடக்கிறியோ?"

"ஓம்."

"குஞ்சு பொரிச்சால் சொல்லு, வண்டியிலை இடம் பாக்கிறன்." பிறகு குனிந்து, வேறு குரலில், "பிள்ளை, இதைக் கொம்மாவுக்குச் சொல்லாதை, என்ன?" என்றார்.

சொல்லாதே என்றால் சொல்ல வேண்டிய விஷயம்தான். நான் நேரே குசினிக்குப் போனேன்.

அங்கே அம்மா உப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். பானை உப்பில் பாதியை ஒரு சின்னச் சட்டியில் அள்ளிப் போட்டு, பக்கத்தில் புளி உருண்டை ஒன்றும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் வைத்தார். எங்கள் ஆட்களிடம் ஓர் அடுப்பு இரண்டாகும்போதுதான் உப்பு இரண்டாகும். சித்தப்பா தனிச்சமையலுக்குப் போன அன்றைக்கு அம்மா இதே மாதிரி இருந்து, இதே மாதிரி உப்பையும் புளியையும் பிரித்துக் கொடுத்ததை நான் பார்த்திருந்தேன். அதற்குப் பிறகு சித்தப்பா எங்கள் வீட்டில் விருந்தாளியாகத்தான் சாப்பிட்டார்.

அப்படியென்றால் அம்மாவும் இதில் கூட்டு.

அப்படி இருக்காது என்று ஒரு முறை சோதித்துப் பார்க்க நினைத்தேன். "அம்மா, மாமா அப்பான்ர சாரத்தைக் களவாய் எடுத்துக் கொட்டிலுக்குள்ளை ஒளிச்சவர். நான் திருப்பி வைச்சிட்டன்."

அம்மா சட்டியின் வாயில் துணி கட்டி முடித்தார். பாதிக் கொயினாவை ஒரு தாளில் சுற்றி அதன் பக்கத்தில் வைத்தார். எல்லாவற்றையும் சுளகால் மூடினார். பிறகு எழுந்து றங்குப் பெட்டியடிக்கு வந்தார்.

நான் திணித்து வைத்த சாரங்களை வெளியே எடுத்தார். நான் கசக்கியிருந்த ஒன்றை உதறி, மடியில் வைத்துத் தடவி மடித்தார். சேர்ட்டையும் மடித்தார். சவரக்கத்தியை அதற்குள் சுற்றினார். எல்லாவற்றையும் சாக்கில் போட்டு, தானே கொண்டுபோய் மாமா வைத்திருந்த அதே மூலையில் வைத்துவிட்டு வந்தார்.

"வாயைத் திறந்தியெண்டால் பார்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, முற்றத்தில் நின்ற அப்பாவை எல்லாருக்கும் கேட்கும்படி கூப்பிட்டார்.

"இஞ்சேருங்கோ, உங்கட சாமான் எல்லாம் பெட்டிக்குள்ளை பத்திரமாய்க் கிடக்கு."

"ஓம், கண்டனான்" என்றார் அப்பா.

மாமா மாட்டின் குளம்பைத் தூக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார். குளம்பில் ஒன்றும் இல்லை.

மூன்று பெரியவர்கள் ஒரே முற்றத்தில் நின்று ஒருவருக்கொருவர் பொய் சொன்னார்கள், ஒருவரும் கோபப்படவில்லை. என் கையில் மட்டும் பொய் இல்லை, உண்மைதான் இருந்தது. அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

வெயில் சாய்ந்ததும் வண்டி புறப்பட்டது. அம்மா தம்பியோடு உள்ளே இருந்தார். நான் பெட்டியின்மேல் பின்பக்கம் பார்த்து இருந்தேன். அப்பா வண்டியின் பின்கட்டையைப் பிடித்தபடி நடந்து வந்தார். மாட்டுக்குப் பாரம் கூடும், காடு வரைக்கும் நடக்கிறேன் என்றார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை கட்டையில் இருக்கும்வரை பயமில்லை.

கன்னியாப் பக்கம் போகும் வளைவில் அவர் நின்றார்.

"சேய், லாந்தரை விட்டிட்டு வந்திட்டன். நீங்கள் போங்கோ, எடுத்துக்கொண்டு ஓடி வாறன்."

லாந்தர் வண்டியின் அடியில் கொளுவித் தொங்கிக்கொண்டிருந்தது. ஆடும்போது அச்சில் இடித்துக் கிணுங்கென்று சத்தம் போட்டது. அப்பா அதன் பின்னால்தான் இவ்வளவு தூரமும் நடந்து வந்தார். நான் சொல்ல வாயெடுத்தேன்; அம்மா பின்னால் இருந்து என் வாயைப் பொத்தினார். அவர் கையில் மிளகாய்த்தூள் இருந்ததால் உதடு எரிந்தது.

"ஓம், எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றார் அம்மா. "இருட்டிலை லாந்தர் இல்லாமல் ஏலாது."

அப்பா என் காலைப் பிடித்து ஒரு முறை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். முதலில் கொஞ்சம் வேகமாக, ஓடுகிறவர் மாதிரி. பிறகு சாதாரணமாக.

மாமா கயிற்றை இழுத்தார். மாடுகள் தயங்கி நடையைக் குறைத்தன. அவர் கழுத்தைத் திருப்பித் தங்கச்சியைப் பார்த்தார். நிறுத்தட்டுமா என்று கேட்பது போல இருந்தது. அம்மா இன்னும் என் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

"கெதியாய் விடுங்கோ அண்ணை."

"அவர் வரட்டுமேன்..."

"கெதியாய் விடுங்கோ. நான் இறங்கிறதுக்கு முதல் மாட்டுக்கு அடியுங்கோ."

மாமா அடித்தார். அவர் மாட்டை அடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வண்டி குலுங்கி ஓடத் தொடங்கியது. லாந்தரை எடுத்துக்கொண்டு ஒருவர் பின்னால் ஓடி வந்து எங்களைப் பிடிக்க வேண்டும் என்றால், வண்டி மெதுவாக அல்லவா போக வேண்டும்? இந்தச் சின்ன விஷயம்கூட அம்மாவுக்குத் தெரியவில்லையே என்று நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஆத்திரத்தோடு நினைத்தேன்.