மூன்றாம் போர்ட்டில் பச்சை விளக்கு

பேய் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். இன்றைக்கும் மந்திரித்த கயிறு கட்டிக்கொள்ளச் சொன்னால் சிரிப்புதான் வரும். ஆனால் இது நடந்தது. என் ரெண்டு கண்ணாலும் பார்த்தேன். அதுவும் ராத்திரியில் இல்லை... பட்டப்பகல், உச்சிப்பொழுது.

2009 நவம்பர். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலை ஒட்டிய ஒரு விடுதி. நான்கு நாள் மழை அன்றுதான் ஓய்ந்திருந்தது. விடுதி அலுவலகத்தில் தகவல்களைச் சேமித்து வைக்கும் ஸ்டோரேஜ் பெட்டியில் வேலை செய்ய நானும் சீனுவும் போயிருந்தோம். அந்தப் பெட்டிக்குள்ளேயே நான்கு விர்ச்சுவல் மெஷின்கள் ஓடின. கம்ப்யூட்டர் என்று பேர்தான், கையால் தொட முடியாது. அவற்றுக்கு நெட்வொர்க் கார்டு சேர்ப்பதும் திரையில்தான்.

"உடம்பு இல்ல, உசுரு மட்டும் கீது. பேய் மாதிரி," என்பான் சீனு. கேளம்பாக்கத்துக்காரன், கேபிள் வேலையில் கெட்டிக்காரன். அடுத்த வாரம் அவன் மனைவிக்கு வளைகாப்பு. காலையிலிருந்து வாய் ஓயாமல் அதே பேச்சு.

வேலை சின்னது. அந்த நான்கில் கேமரா படங்களைப் பதிவு செய்யும் மெஷினுக்கு இன்னொரு கார்டு சேர்த்து, பெட்டியின் பின்னால் வயர் சொருகும் மூன்றாம் போர்ட்டோடு இணைக்க வேண்டும். அந்தப் போர்ட்டிலிருந்து போகும் வயரின் மறுமுனை, கடற்கரைப் பக்கம் இருந்த பம்பு அறையில் சும்மா கிடந்தது. அதை அங்கே கேமராக்களின் இணைப்பில் சொருகிவிட்டால் கடற்கரைக் கேமராக்கள் தெரியும். சாவியை வாங்கிக்கொண்டு சீனு போனான்.

மணி பன்னிரண்டு. கார்டைச் சேர்த்தேன். மூன்றாம் போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்தது. பரவாயில்லையே, அதற்குள் சொருகிவிட்டானா?

படமும் வந்தது. கடற்கரை இல்லை... ஓர் அறை. மேலேயிருந்து எடுத்த மாதிரி. நீலச் சட்டைக்காரர் ஒருவர், மூடிய கதவில் முதுகைக் கொடுத்து, காலை அழுத்தி ஊன்றி நின்றிருந்தார்.

சீனுவுக்குப் போன் போட்டேன்.

"படம் வந்துடுச்சு. உள்ள யாருடா அது?"

"இன்னா அண்ணாத்த, வெளாடுறியா? நான் இன்னும் உள்ளயே போவல. பூட்டு தொறந்துகிச்சி, கதவுதான் நவுரல. தள்ளிகினே கீறேன்."

தொம்... தொம்... அவன் தோளால் இடிக்கும் சத்தம் போனில் கேட்டது. ஒவ்வொரு இடிக்கும் படத்தில் அந்த முதுகு அதிர்ந்தது.

மூன்றாம் போர்ட்டிலிருந்து வயரைப் பிடுங்கினேன்.

வயர் என் கையில். விளக்கு அணையவில்லை. படமும் போகவில்லை.

தொம்...

கார்டை நீக்கிவிடலாம் என்று பொத்தானுக்கு மேல் விரலை வைத்தேன்.

அவர் மெல்லத் தலையை நிமிர்த்தினார்... நேராக என்னைப் பார்த்தார்... வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

ஐயோ!

அழுத்திவிட்டேன்.

படம் போயிற்று. விளக்கும் அணைந்தது.

"அண்ணாத்த... கதவு தொறந்துகிச்சி."

"உள்ள போவாத! அங்கயே நில்லு!"

ஓடினேன். நல்லவேளை, வாசற்படியிலேயே நின்றிருந்தான். உள்ளே கணுக்கால் அளவு மழைத்தண்ணீர். பம்பின் கேபிள் அறுந்து அதில் கிடந்தது. ம்ம்ம்... என்று ஓர் இரைச்சல். என் கூச்சலைக் கேட்டு வந்த விடுதி எலக்ட்ரீஷியன் திருவேங்கடம் மெயினை அணைத்தார்.

பார்த்ததைச் சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நீலச் சட்டையா சார்? எங்க மோசஸ் அண்ணன். எனக்குத் தொழில் கத்துக் குடுத்தவரு. ஆறு வருஷம் முன்ன, மழ நாள்ல, இதே ரூம்ல ஷாக் அடிச்சு செத்தாரு. அலறல் கேட்டு நான்தான் ஓடியாந்தேன். கதவத் தள்றேன், தள்றேன்... நவுரல. முதுகக் குடுத்து அடச்சிகினாரு. 'வராதடா, தண்ணில கரண்டு கீது'ன்னாரு. அப்பால சத்தமே இல்ல."

நான் அண்ணாந்து பார்த்தேன். வெறும் கூரை.

"இங்க எந்தக் காலத்துலயும் கேமரா வச்சதில்ல சார்."

சீனுவின் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது. அவர் தலையை ஆட்டியபோது என் விரல் அந்தப் பொத்தான் மேல்தான் இருந்தது; அதை அழுத்திய பிறகுதான் கதவு திறந்தது. வேண்டாம் என்று அவர் சொன்னது என்னிடம்தான்.