ஏழு நாள் முறை

கம்பம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அந்தச் சந்தில் இருந்த மெஸ்ஸின் போர்டில் மொக்கைச்சாமியின் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. அடுப்பில் அவர் மனைவி சொர்ணலதா நின்றாள். கேரளாத் தோட்டங்களுக்கு ஜீப்பில் போகிறவர்கள், திராட்சை வியாபாரிகள், லாரிக்காரர்கள் என்று யார் வந்தாலும் "மொக்கைச்சாமி கை மணம்" என்றுதான் சொல்லிச் சாப்பிட்டார்கள். மொக்கைச்சாமியின் கை கல்லாப் பெட்டியைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. சொர்ணலதா இதற்கெல்லாம் கோபப்படுகிற ஆள் இல்லை. கோபப்பட நேரமும் இல்லை.

கோழிக் குழம்பு கிளறுகிற அவளுடைய வலது கைதான் முதலில் மரத்துப் போனது. கட்டைவிரலில் ஆரம்பித்துப் பக்கத்து இரண்டு விரல்களுக்கும் பரவியது. ராத்திரியில் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும், உதறினால் போய்விடும். பிறகு உதறினாலும் போகவில்லை. பிறகு எறும்பும் நின்றுவிட்டது. விரல்கள் இருந்தன, அவ்வளவுதான்.

மரத்தது விரல் மட்டும்தானா என்று அவளுக்கே சந்தேகம். மகள் கல்யாணமாகித் திருப்பூருக்குக் கிளம்பிய அன்றைக்கு வீடே அழுதது. சொர்ணலதா பந்திச் சாம்பாருக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரும் என்று அவளும் காத்திருந்தாள். மகள் போன கார் சின்னமனூரைத் தாண்டியிருக்கும், அப்போதும் வரவில்லை. பாத்திரம் கழுவப் போட்டாள்.

தேனியில் டாக்டர் மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார். "நரம்பு நசுங்கியிருக்கும்மா. கரண்டி பிடிக்கிற கைக்கு வர்றதுதான். கொஞ்ச நாளைக்குக் கையைச் சும்மா வைங்க. அடுப்புப் பக்கமே போகாதீங்க" என்றார். மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு பட்டையும் கொடுத்தார்.

கம்பத்துக்குத் திரும்பினார்கள். வீரபாண்டி ஊரைத் தாண்டியதும் மொக்கைச்சாமி, "மெஸ்ஸை மூடுனா சாப்புடுறவன் அடுத்த கடைக்குப் போயிருவான். அங்கன ருசி பழகிட்டா திரும்ப வரமாட்டான்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "ஆனா கை முக்கியம்ல" என்றார். அவர் கெட்டவர் இல்லை. இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் போன் வந்தது. தீபாவளிக்குத் தேனியில் துணி எடுத்த கடையில் ஒரு கூப்பன் எழுதிப் பெட்டியில் போட்டிருந்தார்கள். அதில் பரிசு விழுந்திருக்கிறதாம். வாங்கிக்கொள்ளப் புருசன் பொண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து வர வேண்டுமாம். கட்டாயம் மேடத்தையும் கூட்டி வாருங்கள் என்று போனில் பேசிய பெண் இரண்டு தடவை சொன்னாள். சொர்ணலதாவை மேடம் என்று ஒருத்தர் சொன்னது அதுதான் முதல் தடவை.

தேனியில் ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் மேஜை மேஜையாக ஜோடிகளை உட்காரவைத்து ஜூஸ் கொடுத்தார்கள். இவர்கள் மேஜைக்கு டை கட்டிய அஜய்குமார் என்ற இளைஞன் வந்தான். "கடைசியா எப்ப சார் வெக்கேஷன் போனீங்க?" என்று கேட்டான். மொக்கைச்சாமி யோசித்து, "பழனிக்கு நடந்து போனோம்" என்றார். சொர்ணலதாவைப் பார்த்தான். அவள் ஜூஸைப் பார்த்தாள்.

பிறகு அவன் டைம்ஷேர் என்றால் என்ன என்று விளக்கினான். மலைமேல் ஒரு வீடு. அதில் வருசத்துக்கு ஏழு நாள் மட்டும் உங்களுக்கு. மற்ற நாள் மற்றவர்களுக்கு. இப்படி இருபத்தைந்து வருசம். பக்கத்து மேஜைகளில் ஆளாளுக்கு முழித்தார்கள். வீடு நம்முடையது என்கிறான், ஐம்பத்தோரு வாரம் அடுத்தவன் குடியிருப்பான் என்கிறான், இது என்ன கணக்கு என்று ஒரு பலசரக்குக் கடைக்காரர் சண்டைக்கே போனார்.

மொக்கைச்சாமிக்கு மட்டும் கண் பளிச்சென்று ஆனது. "அட, முறைன்னு சொல்லுங்கப்பா!" என்றார்.

பண்ணைப்புரத்துப் பக்கம் அவர் வீட்டுத் தோட்டத்துக் கிணறு மூன்று பங்காளிகளுக்குப் பொது. மூன்று நாளைக்கு ஒரு தடவை மொக்கைச்சாமி வீட்டு முறை. முறை நாளில் விடிந்ததும் மோட்டாரைப் போட்டால் இருட்டும்வரை ஓடும். வயலுக்குத் தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சே கிடையாது. ஓடைக்குப் போனாலும் போகட்டும், நம் முறையில் இறைக்காமல் விட்டால் அது பங்காளிக்குப் போய்விடும். முறைத் தண்ணீரை வீணாக விட்டவன் என்று பேர் வாங்குவதைவிடக் கேவலம் அந்த வீட்டில் வேறு இல்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த மனிதர் அவர். டைம்ஷேர் அவருக்குப் புரிந்தது என்பதைவிட, ஏற்கெனவே ரத்தத்தில் இருந்தது என்று சொல்லலாம். அஜய்குமாருக்கு முறை என்ற வார்த்தை புரியவில்லை. ஆனாலும் "கரெக்ட் சார்!" என்றான்.

இரண்டு திட்டம் வைத்திருந்தார்கள். ஒன்று ஊட்டியில், ஓட்டல் மாதிரி அறை, மூன்று வேளைச் சாப்பாடும் அவர்களே கொண்டுவந்து வைப்பார்கள். இன்னொன்று குமுளிக்கு மேலே, ஹாலும் படுக்கையறையுமாகத் தனி வீடு. ஊட்டிக்கு விலை கூட, தூரமும் கூட. குமுளி என்றால் மெஸ் வாசலில் ஜீப் ஏறி மூச்சுவிடுவதற்குள் போய் இறங்கிவிடலாம். மே மாத வாரத்துக்கு ஒரு விலை, மழைக்கால வாரத்துக்கு அதில் பாதிதான். மழைக்காலத்தில் மெஸ்ஸிலும் கூட்டம் குறைவு. சமையலுக்குச் சரக்கு மாஸ்டர் ஒருத்தனைத் தினக்கூலிக்கு வைத்து ஒப்பேற்றலாம். மொக்கைச்சாமி ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிக் கேட்டார். செலவு ஒரு பக்கம், வசதி ஒரு பக்கம் என்று கத்திரிக்காய் நிறுப்பது மாதிரி நிறுத்துப் பார்த்தார்.

சொர்ணலதாவுக்குக் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. ஜூஸ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அங்க சோறு யாரு ஆக்குவா?"

அந்தப் பையனிடம் இந்தக் கேள்வியை எத்தனை அம்மாமார் கேட்டிருப்பார்களோ, முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. "கவலையே வேண்டாம் மேடம்! குமுளி வீட்டுல உள்ளேயே தனி கிச்சன் இருக்கு. அடுப்பு, பாத்திரம், பிரிட்ஜ் எல்லாம் நாங்களே குடுத்துடுறோம். வெளிச் சாப்பாடு ஒத்துக்காதேன்னு நீங்க பயப்படவே வேணாம். நீங்களே வீட்டு ருசியில சமைச்சுக்கலாம்!"

"பார்த்தியா, எம்புட்டு வசதி!" என்று மொக்கைச்சாமி அவள் பக்கம் திரும்பினார். நிஜமான சந்தோஷம் அவர் முகத்தில். "சாப்பாட்டுச் செலவே மிச்சமாயிரும்."

இந்த இடத்தில் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது, ஆத்திரமாகவும் வருகிறது. ஆனால் அவளுக்குள் ஆத்திரம் இல்லை. மரத்த விரலில் ஊசி குத்தினால் குத்துவது தெரியும், வலிக்காது இல்லையா, அப்படித்தான் இருந்தது. அந்த ஏழு நாளில் அடுப்பைப் பார்க்காமல் இருக்கலாம் என்று அவள் நினைத்திருந்தாள். இல்லை என்று தெரிந்தது. தெரிந்துகொண்டாள். கையெழுத்துப் போட்டுவிட்டு வரும்போது பரிசைக் கொடுத்தார்கள். பெரிய பிரஷர் குக்கர்.

ஆனி மாதம் குமுளி வீட்டில் அவர்களுடைய முதல் முறை வந்தது. அதற்கு முந்தின வாரம் மொக்கைச்சாமி தம்பி முத்துவீரனுக்குப் போன் போட்டார். "நாலு பேரும் ரெண்டு பிள்ளைகளும் தங்கலாம்னு போட்ருக்கு. நாங்க ரெண்டு பேரு மட்டும் போனா பாதித் தண்ணி ஓடையில போற மாதிரி. நீ குடும்பத்தோட வந்துரு." முத்துவீரன், அவன் மனைவி சண்முகத்தாய், வளர்கிற வயதில் இரண்டு பையன்கள். ஜீப்பின் பின்பக்கம் அரிசி மூட்டை, மாவுத்தூக்கு, மசாலாப் பொடி, அந்தக் குக்கர் எல்லாம் ஏறின. கடைசியாக சொர்ணலதா ஏறினாள். மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தாள்.

வீடு நன்றாகத்தான் இருந்தது. சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு பால்கனி. எதிரே மலை, மலைமேல் மழை. பையன்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். சொர்ணலதாவும் போய் நின்றாள். பார்க்க நன்றாக இருக்கிறது என்று தெரிந்தது. நன்றாக இருக்கவில்லை.

"மதினி, காப்பி கெடைக்குமா?" என்று முத்துவீரன் கேட்டான்.

அதற்கப்புறம் எல்லாம் கம்பம் மாதிரிதான். காலையில் இட்லி, மத்தியானம் சோறு, மழைக்கு இதமாகச் சாயங்காலம் பஜ்ஜி, ராத்திரி தோசை. சண்முகத்தாய் உதவிக்கு வரத்தான் செய்தாள். "உங்க கை ருசி எனக்கு வராதுக்கா" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். கீழே இருந்த ஓட்டலில் ஒரு தோசை என்ன விலை என்று மொக்கைச்சாமி விசாரித்து வந்து எல்லாருக்கும் சொன்னார். எல்லாரும் அடேயப்பா என்றார்கள். அந்தத் தோசைக் காசை மிச்சம் பிடிப்பதில் அவருக்கு இருந்த பெருமையைப் பார்த்தால் பாவமாகக்கூட இருக்கும். பட்டையில் மாவு ஒட்டுகிறது என்று சொர்ணலதா அதைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள்.

அங்கே இருந்தது கரண்ட் அடுப்பு. கறுப்பாக ஒரு இரும்புத் தட்டு, அவ்வளவுதான். தீ தெரியாது, சத்தம் வராது. அணைத்த பிறகும் சூடு போகாது. தீயைப் பார்த்துச் சமைத்தே பழகியவள் அவள். நான்காம் நாள் காலையில் சாம்பாரை இறக்கி வைத்தாள், சுவிட்சை அணைத்தாள், சிந்தியதைத் துடைக்கத் துணியை எடுத்தாள். துணி நழுவியது அவளுக்குத் தெரியவில்லை. விரலால் தேய்த்துக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹாலில் இருந்து மொக்கைச்சாமி குரல் கொடுத்தார். "சொர்ணம், என்னமோ கருகுற வாடை வருது. அடுப்பைப் பாரு."

அவள் சாம்பாரைப் பார்த்தாள். சாம்பார் நன்றாக இருந்தது. இட்லிப் பானையைப் பார்த்தாள். அடிப்பிடிக்கவில்லை. பிறகுதான் கையைப் பார்த்தாள்.

"ஐயையோ, அக்கா!" என்று கத்தியது சண்முகத்தாய்தான்.

தண்ணீரில் பிடித்தார்கள். கீழே ஆபீஸில் மருந்து வாங்கி வந்து போட்டுத் துணி சுற்றினார்கள். ஆளுக்கு ஆள் பதறினார்கள். சொர்ணலதா யாருக்கோ நடந்ததை வேடிக்கை பார்ப்பது மாதிரி உட்கார்ந்திருந்தாள். பிறகு, வந்து நான்கு நாளில் முதல் தடவையாகப் பால்கனி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். மொக்கைச்சாமி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வலிக்குதா?"

"இல்லைங்க."

"மருந்து கேட்டுருச்சு. நல்ல மருந்துதான்."

"மருந்து போடுறதுக்கு முன்னாடியும் வலிக்கலங்க."

அவர் அவள் கையைப் பார்த்தார். கல்லாவில் உட்கார்ந்தபடி அத்தனை வருசமும் அந்தக் கை போட்ட சோற்றைத்தான் பார்த்திருந்தார். பயந்துபோனார் என்பது முகத்தில் தெரிந்தது. ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று தேடி, கிடைத்ததைச் சொன்னார்.

"விடு, சொர்ணம். இந்தத் தடவை இப்படி ஆயிருச்சு. இன்னும் இருபத்திநாலு முறை இருக்குல்ல."

மழை மலையை மூடி, திறந்து, மறுபடி மூடியது.

"உங்க தோட்டத்துக் கெணத்துல ராத்திரிக்கு யாரு முறைங்க?" என்று கேட்டாள்.

"ராத்திரிக்கா? ராத்திரி யாருக்கும் முறை கெடையாது. எந்தப் பங்காளியும் மோட்டாரைத் தொடக் கூடாது."

"ஏன்?"

"கெணறு ஊறணும்ல. ஊறலைன்னா விடிஞ்சு எதை இறைக்க?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு என்ன சொன்னோம் என்று பட்டது. பேச அவளிடம் அவ்வளவுதான் இருந்தது.

உள்ளே சண்முகத்தாய் மத்தியானச் சமையலை ஆரம்பித்திருந்தாள். பாத்திரங்களை உருட்டுகிற சத்தம் கேட்டது. "அக்கா, உப்பு டப்பாவை எங்கன வச்சிருக்கீக?" என்று கூப்பிட்டாள்.

சொர்ணலதா பழக்கத்தில் எழுந்தாள். மொக்கைச்சாமி அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். "நீ இரு. நான் எடுத்துக் குடுக்குறேன்" என்று உள்ளே போனார்.

அலமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிற சத்தம் வந்தது. உப்பு டப்பா மேல் தட்டில் குக்கருக்குப் பின்னால் இருந்தது. அவருக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை.