லேயிலிருந்து மோர்ஸ்பிக்கு நடந்தவள்

கடலோர நகரமான லேயின் சந்தையில் எனக்குப் பக்கத்து இடத்தில் சேப்பங்கிழங்கு விற்றவள் தபித்தா சமுகா. ஒரே மகள் அக்சா தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் நர்சிங் படித்தாள். லேயிலிருந்து அங்கே ஆகாய வழியில் முந்நூறு கிலோமீட்டர். விமானத்தில் முக்கால் மணி நேரம். சாலை கிடையாது. நடுவில் முழுக்க மலை.

ஒரு புதன்கிழமை மோர்ஸ்பியில் இருக்கும் தபித்தாவின் தம்பி கிதியோன் போன் செய்தான். அக்சாவுக்கு மூளைக்காய்ச்சல், நினைவில்லை, உடனே வா என்றான். கிழங்கையெல்லாம் போட்டது போட்டபடி விட்டுவிட்டு விமான நிலையத்துக்கு ஓடினோம்.

"எரிபொருள் வரலம்மா. இன்னிக்கு எதுவும் பறக்காது" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"நாளைக்கு?"

"தெரியாதும்மா."

வியாழனும் அதே பதில்தான். தபித்தா கண்ணாடியை அறைந்தாள். "முக்கா மணி நேரந்தானேய்யா! மூட்டையோட மூட்டையா என்னையும் தூக்கிப் போடுங்களேன்!"

வெள்ளி விடியலில் ஓரோ விரிகுடாவுக்குப் போகும் மோட்டார் படகில் ஏறிவிட்டாள்.

"பைத்தியமாடி உனக்கு? இறங்கி காட்டுல நாலு நாள் நடக்கணும்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"இங்க உக்காந்திருந்தா செத்துடுவேன்டி" என்றாள்.

"உக்காருக்கா, நம்ம படகுக்கு றெக்கை ஒண்ணுதான் குறைச்சல்" என்றான் படகுக்காரன். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் லாரியில் மலையடிவார ஊரான கொக்கோடா. அங்கிருந்து நடை. பாதி வழி வரை, ஊர் திரும்பும் இரண்டு பெண்கள் துணைக்கு வந்தார்கள். பிறகு தனியாக நடந்தாள். இடுப்பளவு ஆற்றைக் கடந்தாள். கால் நகங்கள் இரண்டு பெயர்ந்தன. நடக்க நடக்க மகளிடம் வாய்விட்டுப் பேசிக்கொண்டே போனாளாம்: "கண்ண மூடிடாதடி, அம்மா வந்துட்டே இருக்கேன்."

திங்கட்கிழமை ஒரு மலைமுகட்டில் போனுக்கு உயிர் வந்தது. கிதியோன் கத்தினான்: "எங்கக்கா இருக்கே? சனிக்கிழமையே விமானம் பறக்க ஆரம்பிச்சுடுச்சே!"

தபித்தா சேற்றில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "அவ இருக்காளா?"

"இருக்கா. நீ வா." தொடர்பு அறுந்தது. திரும்பிப் போனாலும் அதே தூரம். எழுந்து நடந்தாள்.

புதன் மதியம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். அக்சா கண் திறந்திருந்தாள். அம்மாவின் கால்களைப் பார்த்தாள். தபித்தா அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொல்லி அழுதாள். அக்சா அவள் உதடுகளையே பார்த்தாள்.

"ஏம்மா, சத்தமில்லாம பேசறே?"

கிதியோன் அக்காவை ஓரமாக அழைத்துப் போனான். "சனிக்கிழமை முழிச்சா. அம்மா எங்கேன்னு கேட்டா. ஞாயித்துக்கிழமை காய்ச்சல்ல ரெண்டு காதும் போயிடுச்சுக்கா. அவளுக்கே அது இன்னும் புரியல."

தபித்தா லேவுக்குத் திரும்பி வரவில்லை. மோர்ஸ்பியிலேயே மகளோடு இருக்கிறாள். இருவரும் கைஜாடை கற்கிறார்கள். என்னோடு போனில் பேசும்போது அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவள் பேச்செடுப்பதில்லை. நானும் கேட்பதில்லை.