ஊசி வந்தது

எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிச் சுற்றியே அந்தத் தெருவுக்கு அவள் ‘காயில்’ அக்கா ஆகிவிட்டாள். கடையில் அவளும் தம்பியும் மட்டும். சலவைக்கூடத்து மோட்டார்கள்தான் இருவருக்கும் சோறு போட்டன. அவற்றின் சுருளுக்கென்றே அவள் அளவு சொல்லி, லேத் பட்டறைக் கடைசல்காரரிடம் செய்து வாங்கிய இரும்பு அச்சு ஒன்று இருந்தது. அது இல்லாமல் சுற்றினால் சுருள் மோட்டாருக்குள் உட்காராது.

"அச்சைக் கழுவும்போது கை நழுவிக் கிணத்துல விழுந்துடுச்சுக்கா," என்று தம்பி வந்து நின்றான்.

சலவைக்கூடத்துக்காரர் வாசலில் குதித்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள மோட்டார் ஓடலைன்னா அடுத்த தெருப் புதுக் கடைக்குத்தான் போவேன்மா. கோவிச்சுக்காதே."

"ஓடும்ணே, நீங்க போங்க."

கிணற்றில் இறங்க ஆள் இல்லை. காந்தத்தை இறக்கினால் என்ன? பழைய போல்ட் ஒன்றில் கம்பியைச் சுற்றி, பேட்டரியில் இணைத்து இறக்கினாள். வாளிக் கொக்கி ஒன்றைப் பாதி தூரம் தூக்கிவிட்டு நழுவவிட்டது.

"உன் காந்தத்துக்குச் சாப்பாடு பத்தலைக்கா," என்றான் தம்பி.

பேட்டரியை இரண்டாக்கினாள். கம்பிதான் கொதித்தது; பலம் கொஞ்சமே கூடியது. போல்ட்டை வீசிவிட்டு, விரல் தடிமன் தேனிரும்புக் கம்பியை லாடம்போல வளைத்தாள். இரண்டு முனையும் சேர்ந்து கவ்வட்டுமே! அவசரத்தில் இரண்டு காலிலும் ஒரே பக்கமாகச் சுற்றிவிட, இருந்த இழுப்பும் போனது.

"அடுத்த காலுக்கு எதிர்ப்பக்கமா சுத்துக்கா," என்று எடுத்துக்கொடுத்தவன் தம்பிதான். கம்பி ரீலைப் பிடித்துக்கொண்டவனும் அவன்தான். சுற்றுக்குமேல் சுற்றாக ஏற்றி, வார்னிஷ் பூசிக் காயவைத்து இறக்கினார்கள்.

பிடியில்லாத சுத்தியல் வந்தது. கொக்கி வந்தது. கத்தரிக்கோல் வந்தது. அடிமண்ணை மூலைமூலையாகத் துழாவினாள். கடைசியில் துருப்பிடித்த தையல் ஊசி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஊசி வருதுடா."

"ஆமாக்கா."

"உள்ளங்கை அகலத்து அச்சு வரலை."

"இன்னும் கொஞ்சம் சுத்து ஏத்திப் பாரேன்," என்றான், கிணற்றையே பார்த்தபடி.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "யார்கிட்ட குடுத்தே?"

"புதுக் கடைக்காரர் பங்கு தர்றேன்னார்க்கா. இங்க எத்தனை நாளைக்கு ரீலையே பிடிச்சுட்டிருக்கிறது?"

"போறவன் போயிருக்கலாமே. கம்பி சுத்துறதுக்கு எனக்கு எதுக்குடா புத்தி சொன்னே?"

அவன் குரல் உள்ளே போயிற்று. "வெள்ளிக்கிழமை வரைக்கும் நீ கிணத்தடியிலேயே இருக்கணும்னார்."

அவள் பேட்டரிக் கம்பியைப் பிடுங்கினாள். ஊசி காலடியில் உதிர்ந்தது. அவன் அதைத் தாண்டி நடந்து போனான்.

அச்சின் அளவு அவளுக்கு மனப்பாடம். கடைசல்காரரிடம் ஓட வேண்டும்; அதற்குமுன், காந்தத்தில் ஏறிவிட்ட கம்பி முழுவதும் சுருளுக்கு வேண்டும். ரீலைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு காந்தத்திலிருந்து பிரித்துச் சுற்ற ஆரம்பித்தாள். பாதியில் கம்பி இறுகியது.

"கொஞ்சம் தளர விடுடா," என்றது வாய், பழக்கத்தில்.